மூவாயிரம் கிலோமீட்டர்

முழங்கால் இரண்டும் நெருப்பாய்க் காந்தின. ரோஜாத் தோட்டத்து வாசலில் நூபியா சைக்கிளை நிறுத்தினாள். சீட்டு உயரம், கால் தரைக்கு எட்டாமல் சரிந்துதான் இறங்க வேண்டியிருந்தது.

காவல்காரர் எவேலியோ குனிந்து சக்கரத்து மீட்டரைப் பார்த்தார். சைக்கிள் நம்பருக்கு நேரே நோட்டில் எழுதினார்: 2588.

"சீட்டை இறக்கித் தர்றேன்னு மூணு வாரமாச் சொல்றேன். கேக்க மாட்டேங்கிறியே தங்கச்சி."

"அது அப்படியே இருக்கட்டும்ணே."

தன் வெல்லத் தண்ணீர்க் கோப்பையை அவளிடம் நீட்டினார். ஒரே மடக்கில் குடித்தாள்.

போன வருஷம் கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு சைக்கிள் கொடுத்தது. புகையில்லாப் பயணம் என்று பெயர். வருஷத்துக்குள் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினால் சைக்கிள் சொந்தம். ஓடாவிட்டால் அதன் விலையான இரண்டு மாதச் சம்பளம் கணக்குத் தீர்க்கும்போது பிடித்தம். பிடித்தால் நூபியாவுக்கு வீட்டு வாடகைகூட மிஞ்சாது.

"போக வர முப்பத்து நாலு. கெடுவுக்கு இன்னும் ஒம்போது நாள். பெருக்கிப் பாத்தேன், எட்டாது."

"தெரியும்ணே."

தலைநகர் பொகோட்டாவில் உள்ள தலைமை அலுவலகத்திலிருந்து அன்றுதான் வந்திருந்தாள் பசுமைத் திட்ட அதிகாரி யமிலே. நோட்டை வாங்கிப் புரட்டியவளின் முகம் மலர்ந்தது.

"எழுபத்தொண்ணாம் நம்பர் நீங்கதானாக்கா? மூணு வாரமா ஒரு நாள்கூட விடல! மழையில வந்திருக்கீங்க, ஞாயித்துக்கிழமைகூட வந்திருக்கீங்க! பாதிப் பேரு சைக்கிளை மூலையில சாத்திட்டாங்க. உங்க போட்டோவைத்தான் போஸ்டர்ல போடப் போறேன். சிரிங்க!"

எவேலியோ இருமினார். "அம்மா, அவங்கள விட்டுருங்க."

"நீங்க சும்மா இருங்க தாத்தா. பொறாமையா?"

போனைத் தூக்கி இரண்டு படம் எடுத்தாள். நூபியா சிரிக்கவில்லை. கோப்பையை எவேலியோவிடம் கொடுத்துவிட்டு, சைக்கிளை வந்த வழியே திருப்பினாள்.

"என்னக்கா, வேலை தொடங்குற நேரத்துல திரும்பிப் போறீங்க? எந்தக் கொட்டகை நீங்க?"

நூபியா எக்கி, பெடலில் கால் வைத்தாள்.

"நான் இங்க வேலை செய்யலம்மா. இதே சைக்கிள்ல வேலைக்கு வந்தப்ப லாரி அடிச்சுச் செத்த என் புருஷன், உங்க கம்பெனிக்கு இன்னும் நானூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர் பாக்கி."