பல்லைப் பார்த்த சம்பந்தி

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் பல்லைச் சோதித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மாப்பிள்ளையின் அம்மா செல்லாத்தாள் அதைத்தான் செய்தாள். அவள் புருஷன் ராக்கப்பன் மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து, பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்கிறவர். அந்தப் புத்தி பெண்டாட்டிக்கும் தொற்றிக்கொண்டது என்று பிறகு எலப்புள்ளி ஊர் முழுக்கப் பேசினார்கள்.

பெண் மருதாத்தாள். தாய் தகப்பன் இல்லாமல், பெரியப்பா சென்னியப்பன் வீட்டில் வளர்ந்தவள். இரண்டு வரன் தட்டிப்போய் இது மூன்றாவது. அமைந்தால் வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு. அமையாவிட்டால் அடுத்துப் பெரியம்மா மகளுக்குத்தான் பார்ப்பார்கள், மருதாத்தாள் அடுப்படியிலேயே இருந்துவிட வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும்.

பெரியம்மா நாச்சம்மாளுக்கு வாய் ஓயவில்லை. ஊரே ரேஷன் கோதுமைக்கு வரிசையில் நின்ற எழுபத்திநாலாம் வருஷத்தில், இவள் வீட்டில் மட்டும் நெய்யும் தயிரும் ஆறாய் ஓடியதாம்.

“எம்பட மகளுக்கும் இவளுக்கும் ஒரே சோறுங்க. ஒரு பருக்கை வித்தியாசம் பாத்ததில்லை” என்றாள்.

மருதாத்தாள் காபி கொண்டுவந்தாள். கேட்டதற்கெல்லாம் உதட்டைத் திறக்காமலே தலையாட்டினாள். ஒரு தடவை சிரிப்பு வந்தபோது சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள். வெட்கமாக்கும் என்று மாப்பிள்ளை ஆறுச்சாமி சொக்கிப்போனான். அவன் அம்மா சொக்கவில்லை.

செல்லாத்தாள் தன் வீட்டு மரத்துக் கொய்யாக்காய்களைப் பையில் கொண்டுவந்திருந்தாள். இன்னும் முழுக்கப் பழுக்காதவை. மருதாத்தாளுக்கு ஒன்றும், கதவோரம் நின்ற நாச்சம்மாளின் மகளுக்கு ஒன்றும் கொடுத்தாள்.

“கடி அம்முணி. எம்முன்னாலயே கடி.”

நாச்சம்மாளின் மகள் நறுக்கென்று கடித்துத் தின்றாள். மருதாத்தாள் தயங்கித் தயங்கிக் கடித்தாள். கொய்யாவின் வெள்ளைச் சதையில் ரத்தம் படிந்தது. உள்ளங்கையில் மறைக்கப் பார்த்தாள். செல்லாத்தாள் விடாமல் அந்தக் கையைப் பிடித்து விரித்தாள். கூடத்தில் இருந்த எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

சென்னியப்பன் எழுந்துவிட்டார். “ஏனுங்க, இதென்ன மாட்டுச் சந்தையா?”

ராக்கப்பனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எழுந்து வா போகலாம் என்று ஆறுச்சாமி அம்மாவை முறைத்தான். பல் விளக்கும்போது வேப்பங்குச்சி குத்தியிருக்கும் என்று நாச்சம்மாள் அவசரமாகச் சமாளித்தாள். மருதாத்தாள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மூன்றாவதும் போயிற்று என்று அவளே முடிவு கட்டிவிட்டாள், பாவம். கண்ணீர் அந்தக் கொய்யாவின் மேலேயே விழுந்தது.

செல்லாத்தாள் ஒன்றும் நடக்காதவள் போலப் பேச ஆரம்பித்தாள். கட்டிக்கொண்டு வந்த புதிதில் தனக்கும் ஈறில் இப்படித்தான் ரத்தம் கசிந்ததாம். எல்லாரும் தின்றது போக மிஞ்சிய கஞ்சிதான் அப்போது அவளுக்குச் சாப்பாடு. பாலக்காட்டு டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டில் மருந்தே எழுதவில்லை. கீரை, நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, மோர் என்று சாப்பாட்டைத்தான் எழுதிக் கொடுத்தார். நாலே மாதத்தில் ஈறு கெட்டிப்பட்டுவிட்டதாம்.

சொல்லி முடித்துவிட்டு, தாம்பாளத்தில் இருந்த பூவை எடுத்து மருதாத்தாள் தலையில் வைத்தாள்.

“வைகாசி வரைக்கும் எங்களால இருக்க முடியாதுங்க. வர்ற கார்த்திகையிலயே கூட்டிட்டுப் போறோம்.”

நாச்சம்மாளுக்குப் புரியவில்லை. “புள்ளை பல்லுல கொறை பாத்துப்போட்டு, இப்ப என்னங்க அவசரம்?”

“நான் பாத்தது புள்ளை பல்லை இல்லீங்க. உங்க ஊட்டுச் சோத்தை.”