அந்த ருசி

இறைச்சி தின்பவர்களை அதிரவைக்கத்தான் தம்பி சந்தை வாசலில் கடை போட்டிருந்தான். ‘மனித இறைச்சி. இலவசமாக ருசி பாருங்கள்’ என்று பலகை வேறு. தட்டில் இருந்ததெல்லாம் அக்கா பீட்ரூட் சாறு ஊற்றிச் சமைத்த சோயா. காலையிலிருந்து வாங்கிய வசவில், எப்போது கடையைக் கட்டுவோம் என்றிருந்தது அவளுக்கு.

மதியம் வயதான தம்பதி ஒன்று வந்தது. பெரியவர் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி நிதானமாக மென்றார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லம்மா,” என்றார் பெரியவர் மனைவியிடம். “அந்த ருசியே இல்ல.”

“அப்பாடா!” அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “பலகையப் பார்த்ததும் நின்னுட்டார். மறுபடி ஆரம்பிச்சிடுவாரோன்னு பயந்துட்டேம்மா.”

“வெறும் சோயாதாங்க,” என்றாள் அக்கா. அன்று திட்டாமல் பேசியவர்கள் அவர்கள்தான். அவளுக்கும் மனசு லேசாகிவிட்டது.

அவர்கள் போனதும் தம்பி வந்தான். “என்னக்கா சொன்னார்?”

“அந்த ருசி இல்லையாம்.”

“எந்த ருசி?”

அக்கா திரும்பிப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாள் கணவரின் வாயோரத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட வீட்டார் போல இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.