இலையோடு வந்த குப்பை

"உங்க வீட்டம்மா பண்ணின வேலையால எனக்கு ரெண்டு நாள் தூக்கம் போச்சு சார்!"

சோபியா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பழனிவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. மைன்ஸில் முதல் ஷிப்ட் முடித்து வந்த காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"எதுனா தப்பா அனுப்பிட்டாளா மேடம்?"

"ஐயோ, இல்ல சார். நல்ல சேதியோடதான் வந்திருக்கேன்."

சேதி நல்லதுதான். விசித்திரமான இலை கண்ணில் பட்டால் அனுப்புங்கள் என்று ஆறு மாதத்துக்கு முன் சோபியாவின் ஆய்வுக்கூடம் பத்திரிகையில் கேட்டிருந்தது. வந்து குவிந்ததில் பாதி, வெறும் பூச்சி கடித்த இலை. நெய்வேலி குவார்ட்டர்ஸ் ஒன்றிலிருந்து சத்யா என்பவர் அனுப்பிய செம்பருத்தி இலையில் மட்டும் வளையம் வளையமாக மஞ்சள். அதை அரைத்து, உள்ளே இருந்த மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்ததில், இதுவரை யாரும் பார்த்திராத ஒரு வைரஸ் அகப்பட்டுவிட்டது.

"வரன் பாக்கற மாதிரி, தெரிஞ்ச வைரஸ் அத்தனையோடயும் பொருத்தம் பாத்தோம் சார். எந்தக் குடும்பத்துலயும் சேரல. புதுக் குடும்பமாத்தான் வைக்கணும். நாளைக்குக் கட்டுரை அனுப்பறோம். இலையைக் கண்டெடுத்தவர் சத்யான்னு அதுல வருது. அவங்ககிட்ட நேர்ல சொல்லலாம்னுதான் வந்தேன்."

வாசல் கொடியில் காக்கிச் சட்டையும் லுங்கியுமாகவே காய்ந்துகொண்டிருந்தன. வீட்டம்மா ஊருக்குப் போயிருக்கிறார் போல என்று உள்ளே வரும்போதே சோபியா நினைத்துக்கொண்டாள்.

"தூக்கம் போச்சுன்னீங்களே, அது எதுக்கு?" என்றார் பழனிவேல்.

சோபியா லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

"இங்க மூணு ஃபைல் இருக்கு பாருங்க. இது செடியோடது. இது வைரஸோடது. இது உங்க வீட்டம்மாவோடது."

பழனிவேல் நிமிர்ந்தார்.

"வெறுங்கையால கிள்ளி, கவரை எச்சில் தொட்டு ஒட்டியிருக்காங்க சார். அதனால இலையோட அவங்க மரபணுவும் கொஞ்சம் வந்துடுச்சு. எங்களுக்கு இது குப்பை. சலிச்சு எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"எச்சி தொட்டுத்தான் ஒட்டுவா. எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டா." பழனிவேல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திரையில் ஓடிய எழுத்துகளை உற்றுப் பார்த்தார். "இது அவளேதானுங்களா? வேற யாரோடதும் கலக்கலியே?"

"அவங்களேதான். துண்டு துண்டாத்தான் இருக்கு. ஆனா உலகத்துல வேற யாருக்கும் இது அச்சு அசலா இப்படி இருக்காது."

"இத்த... எங்கெங்க வச்சிருக்கீங்க? யாரு யாருகிட்ட இருக்குது?"

சோபியாவுக்கு மனசு இளகிவிட்டது. மரபணு என்றாலே ஜனங்களுக்கு ஒரு பயம். போன வாரம் பண்ருட்டியில் ஒரு பலா வியாபாரி, என் பெண்டாட்டி விவரம் உங்களுக்கு எதற்கு என்று சட்டையைப் பிடிக்காத குறைதான். இவர் பாவம், சண்டை போடத் தெரியாத மனுஷன்.

"பயப்படாதீங்க சார். மனுஷங்களோடதை நாங்க வச்சுக்கவே கூடாது, அது ரூல். லேப்ல இருந்ததை எல்லாம் அழிச்சாச்சு. இலையும் அரைச்சுத் தீந்துபோச்சு. சரிபாக்கறதுக்காக இந்த ஒரு காப்பியை மட்டும் வச்சிருந்தேன். நாளைக்குள்ள எப்படியும் அழிக்கணும். உங்க கண்ணு முன்னாலயே அழிச்சுடறேன், போதுமா?"

உறுதியாக அழிக்கவா என்று திரை கேட்டது. பழனிவேல் எழுந்து அவசரமாகக் கையை நீட்டினார். "மேடம்..." என்றார். நன்றி சொல்லத்தான் நீட்டுகிறார் என்று சோபியா அந்தக் கையை இடது கையால் ஆதரவாகப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் பட்டனைத் தட்டினாள்.

"அவ்வளவுதான் சார். இனிமே யார் நினைச்சாலும் எடுக்க முடியாது. மேடம் வந்ததும் சொல்லுங்க, அவங்களுக்கும் நிம்மதியா இருக்கும்."

பழனிவேல் அவளைத் திட்டவில்லை. வெறுமையாகிவிட்ட திரையைப் பார்த்தபடி மெல்ல உட்கார்ந்தார்.

"அவள எரிச்சது போக, அவளா மிச்சம் இருந்தது அது ஒண்ணுதாம்மா."