படுத்த படுக்கை

அவர் இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொடுத்தார்.

"ஏனுங்க, தூக்காதீங்க. உங்களுக்குத்தான் கை காலே வராதே!"

நாளைக்கு மரகதத்துக்குச் செய்முறைத் தேர்வு. வீட்டு நர்ஸ் வேலைக்கான ஒரு மாதப் பயிற்சி. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைக் கீழே இறக்காமலே விரிப்பை மாற்றிக் காட்ட வேண்டும்.

ஒத்திகைக்காகக் கிடப்பவர், அவள் புருஷன்.

மில் வேலை போய் அவர் வீட்டோடு உட்கார்ந்ததும் அவளேதான் விசாரித்துப் போய்ச் சேர்ந்தாள். ஒரு மாதத்தில் என்னத்தைக் கிழித்துவிடப் போகிறாய் என்று அவர் நக்கலடித்தார். இப்போது வாயைத் திறக்காமல் கிடக்கிறார்.

நோயாளி துளியும் ஒத்துழைக்கக் கூடாதாம்.

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் செய்துவந்ததும் அதுதான். தனியாகப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

சுவர்ப் பக்கம் புரட்டினாள். இந்தப் பக்கம் புரட்டினாள். விரிப்பு சுருக்கமில்லாமல் விழுந்தது. ஒரு கரண்டி கஞ்சி ஊட்டி, கடைவாயைத் துடைத்துவிட்டாள்.

"எங்கயாச்சும் வலிக்குதுங்களா?"

அப்படியொரு குரல் அவளிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. கனிவாகப் பேசினால் தனி மதிப்பெண் உண்டென்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். தெரிந்திருந்தும் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

வலிக்கிறது என்றார்.

எங்கே என்றாள். அதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை.

மரகதம் தேறிவிட்டாள். பீளமேட்டில் ஒரு வீட்டில் வேலையும் கிடைத்தது. பக்கவாதத்தில் விழுந்துவிட்ட ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் பழைய குரல் திரும்பியது. ஈரத் துண்டை எங்கே போட்டீர்கள், கேஸை ஏன் அணைக்கவில்லை.

முகம் தெரியாத அந்தப் பெரியவர் மேல் அவருக்கு வயிறு எரிந்தது. கொடுத்துவைத்த மனுஷன். ஒரு கை, ஒரு கால் விளங்காமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தார். காய்ச்சல் அடிக்கிறது என்று முனகினார்.

மரகதம் அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நெற்றியில் வைத்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி சில்லென்று இருப்பது அவருக்கே தெரிந்தது. திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தார்.

அவள் கையை எடுக்கவில்லை.

"ஆமாங்க," என்றாள். "நெருப்பாக் கொதிக்குது."