பிடி அரிசி

“திருடின்னு சொல்லாம வேற எப்படிம்மா சொல்லுவாங்க?” என்றாள் ராஜம்மாள்.

ஆராதனை முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பாய் விரித்து மாதர் சங்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள். பௌர்ணமிக்கு மலை சுற்றிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வெளியூர்க்காரர்கள்கூட, இந்தச் சத்தம் காதில் விழுந்து கேட்டருகே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள்.

எதிரே ஜோதியம்மாள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“நேத்து சாயங்காலம் என் ரெண்டு கண்ணால பாத்தேன். மூட்டைய அவுத்து நாலு படி அள்ளி மஞ்சப்பையில கொட்டி, சைக்கிள் நிறுத்தற எடத்துல ஒளிச்சி வெச்சாங்க. அப்பவே கேட்டிருப்பேன். எல்லாரு முன்னாலயும் கேக்கணும்னுதான் வாய மூடிக்கினு போனேன்.”

களவு போனது பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைக் கர்த்தருக்கென்று எடுத்து டப்பாவில் போட்டு வைப்பது அந்தச் சபைப் பெண்களின் வழக்கம். சனிக்கிழமைதோறும் ஜோதியம்மாள் நாற்பது வீடு ஏறி இறங்கி அதை வாங்கி ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி ஏழை வீடுகளுக்குப் போகும்.

வாங்குகிறவர்களின் பேரைச் சபை நடுவே சத்தமாக வாசிக்க வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் சட்டம் கொண்டுவந்தவளும் ராஜம்மாள்தான். “பேரு தெரிஞ்சாதான் களவு நடக்காது” என்றாள். அன்றைக்கு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

இன்று காலையிலிருந்தே அவளுக்குக் கோபம்தான். சர்ச்சுக்குக் கிளம்புமுன் வடித்த சோறு மறுபடியும் பாதி குழைந்து, பாதி வேகாமல் நின்றது. கணவன் ஜெயபால் கீழ்பென்னாத்தூரில் ஒரு புழுங்கலரிசி மில்லில் மூட்டை எடை போடுகிறவன். அரிசி அங்கிருந்துதான் வருகிறது.

“கூட்டித் தள்ளுனத உன் தலையில கட்டி அனுப்பறானா உன் மொதலாளி? ஒண்ணு கஞ்சியாவுது, ஒண்ணு பல்ல ஒடைக்குது” என்று தட்டை அவன் முன்னால் தள்ளினாள். அவன் தின்றுவிட்டுக் கையைக் கழுவினான். அந்தக் கோபத்தோடு வந்து உட்கார்ந்தவளுக்கு, சகோதர சிநேகத்தைப் பற்றி போதகர் முக்கால் மணி நேரம் பேசியதில் ஒன்றும் காதில் ஏறவில்லை.

போதகரின் மனைவி எழிலரசி மெதுவாகக் கேட்டாள். “ஜோதியக்கா, எடுத்தீங்களா?”

“எடுத்தேம்மா.”

“யாருக்கு?”

“பேரு மட்டும் கேக்காதீங்க.”

ராஜம்மாள் சிரித்தாள். “ஆளு இருந்தாதானே பேரு இருக்கும். அவங்க வூட்டு பானைக்குதான் புதுசா ஒரு பேரு வெக்கணும்.”

“விட்டுடு ராஜம், பாவம். தனியாளு” என்றாள் பின்னாலிருந்து ஆராயி.

“தனியாளுக்கு நாலு படி என்னாத்துக்கு? வாரா வாரம் எவ்ளோ போச்சோ. மிச்சம் இருக்கறத அளந்து பாத்துடலாம், இரு.”

மூட்டையைத் தரதரவென்று இழுத்து வந்து பாயில் கவிழ்த்தாள். மோட்டா அரிசி, சன்ன அரிசி, பழுப்பேறிய ரேஷன் அரிசி, நடுநடுவே வெள்ளை வெளேரென்று பச்சரிசி. நாற்பது வீட்டு அரிசியும் ஒரே குவியலாகச் சரிந்தது.

படியை எடுத்து அதில் அமுக்கினாள். அமுக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

காலையில் இதே அரிசியைத்தான் முறத்தில் போட்டுக் கல் பொறுக்கினாள். இதே மோட்டா, இதே சன்னம், இதே பழுப்பு, நடுநடுவே இதே பச்சரிசி. புழுங்கலரிசி மில்லில் பச்சரிசி ஏது?

ஜெயபாலின் சட்டையில் மில் தவிடே படாமல் மூன்று மாசமாயிற்று என்பதும் அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். கேட்டருகே சைக்கிளைப் பிடித்தபடி அவன் நின்றிருந்தான். தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜோதியம்மாள் ராஜம்மாளின் முகத்தைக் கவனித்துவிட்டாள். சட்டென்று எழுந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, அரிசி அறைச் சாவியைப் பாயில் வைத்தாள்.

“அளக்கறதெல்லாம் வேணாம்மா. எனக்குதான் எடுத்தேன். நான்தான் துன்னேன். சாவிய வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க.”

யாரோ உச்சுக் கொட்டினார்கள். யாரோ “இத்தன வயசுக்கு மேல இப்படி ஒரு புத்தியா” என்றார்கள். ஜோதியம்மாள் அதையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

எழிலரசி பெருமூச்சு விட்டு, அரிசி வாங்குகிறவர்களின் பட்டியல் நோட்டைப் பிரித்தாள். “அடுத்த வாரம் சபையில வாசிக்கணும். நாலு படி, ஜோதியம்மாள்னு எழுதிடவா?”

ராஜம்மாள் அரிசிக் குவியலுக்கு முன்னால் மெல்ல உட்கார்ந்தாள்.

“ராஜம்மாள்னு எழுதுங்கம்மா.”