தேவகனி டீச்சரின் தொண்டை

"இனி ஒரு தடவை கத்துனீங்க, குரல் மொத்தமாப் போயிரும். பொறவு என் கையில ஒண்ணுமில்ல."

நயினார் டாக்டர் டார்ச்சை அணைத்தார். திறந்த வாயை மூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார் தேவகனி டீச்சர்.

வகுப்பை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்துப் பின்வாசலைத் தாண்டினால் டாக்டர் வீடு. துறைமுக ஆஸ்பத்திரி டாக்டர் பகலில் வீட்டில்தான் இருப்பார். கரகரத்த தொண்டைக்கு இரண்டு மாத்திரை வாங்கலாமே என்று, சாப்பாட்டு மணி அடித்ததும் டீச்சர் வந்திருந்தார். டாக்டரும் கலைந்த தலையும் இடுப்பில் கட்டிய சாரமுமாக எழுந்து வந்து பார்த்தார். பார்த்தவர் இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"குரல் இல்லாத டீச்சரை யாரு வச்சுக்கிடுவா டாக்டர்? நான் டெம்ப்ரவரி. முழுப் பரீட்சைக்குள்ள நிரந்தரம் பண்ணலன்னா வீட்டுக்குப் போன்னு சொல்லிருவாங்க."

"அதான் சொல்லுதேன், கத்தாதீங்க."

"அறுபது பிள்ளைக டாக்டர்! கரிக்காத உப்பும் கத்தாத டீச்சரும் உண்டுமா?"

"போர்டுல எழுதிப் போடுங்க. வாய்ப்பாட்டைக்கூட ராகம் போட விடாதீங்க, எழுத வைங்க. அதுக சத்தம் போட்டா, அதுக்கு மேல நீங்க சத்தம் போடுவீங்கல்லா?"

கெட்டது குடி! கத்தாமல் பாடம் நடத்துவது எப்படி என்று டீச்சருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? காலையில் மணி அடிக்கும் முன்பே அவருக்குத் தலைவலி தொடங்கிவிடும். முதல் பாடத்தில் தொடங்கும் சத்தம் கடைசி மணி வரை ஓயாது. "தேவகனி டீச்சர் இருக்கையில கப்பலுக்கு எதுக்குச் சங்கு?" என்று கூட வேலை பார்ப்பவர்களே கேலி செய்வார்கள். வீட்டுக்குப் போனாலும் வகுப்பு காதுக்குள் இரைந்துகொண்டே இருக்கும், சோறு இறங்காது.

மறுநாள் வாயைத் திறக்காமல் வகுப்பில் நின்றார். சாக்பீஸை எடுத்தார். பிள்ளைகள் சந்தைக்கடையாக இரைந்தார்கள். கத்து, கத்து என்று மனசு பிடித்துத் தள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு போர்டில் கணக்கை எழுதினார்.

"ஏலே, டீச்சர் பேச மாட்டேங்காங்க. பயங்கரக் கோவத்துல இருக்காங்க போலுக்கு" என்றான் முன் பெஞ்சு பால்துரை.

அந்தப் பயம் கடைசி பெஞ்சு வரை போயிற்று. கத்துகிற டீச்சரை அவர்களுக்குத் தெரியும். கத்தாத டீச்சர் என்ன செய்வார் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொருவராக நோட்டைத் திறந்தார்கள்.

சரி, டீச்சருக்கு நிம்மதி வந்ததா? அதுதான் இல்லை. எச்சிலைக்கூடப் பயந்து பயந்து விழுங்கினார். தும்மல் வந்தால் முந்தானையை வைத்து அமுக்கினார். நிமிடத்துக்கொரு தரம் கண்ணாடி முன்னால் போய் வாயைத் திறந்து பார்த்தார். வீட்டில் எல்லாம் சிலேட்டில் எழுத்துதான். "கல்யாணமாகி இப்பதான் இந்த வீட்டுல நான் பேசுதேன்" என்று கணவர் தேவபிரசாதம் சந்தோஷப்பட்டார். எரித்துவிடுவது போல் அவரைப் பார்த்தார் டீச்சர்.

சில வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டெண்ட் வந்து வகுப்பு வாசலில் நின்றார். டீச்சர் போர்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். ஏதாவது கேட்டால் எந்தக் குரலில் பதில் சொல்வது? நிரந்தரம் இன்றோடு சரி என்று நினைத்தார்.

கரஸ்பாண்டெண்ட் எதுவுமே கேட்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்த அறுபது தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா, ஆள் அரவமே இல்ல! உள்ள பிள்ளைக இருக்கா இல்லையான்னு சந்தேகப்பட்டுல்லா வந்தேன். மத்தவங்களும் உங்ககிட்ட வந்து படிக்கணும்."

அடுத்த திங்கட்கிழமையே வேலை நிரந்தரமாகிவிட்டது.

ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூனோடு டீச்சர் டாக்டர் வீட்டுக்கு ஓடினார். டாக்டர் முகமும் முன்னைக்கு இப்போது நல்ல தெளிச்சியாக இருந்தது.

"கர்த்தர்தான் உங்க ரூபத்துல வந்தாரு டாக்டர்! வேலை நிலைச்சிட்டு, தலைவலி போயிட்டு" என்றார் டீச்சர், கிசுகிசுப்பாகவே. "தொண்டையும் சரியாயிட்டுன்னு நினைக்கேன். இனிமே கொஞ்சம் சத்தமாப் பேசலாமா?"

டாக்டர் பதறிப் போனார். டார்ச்சைத் தேடி எடுத்து அடித்துப் பார்த்தார்.

"ஐயோ, மூச்! வீக்கம் அப்படியே இருக்கு. பரீட்சை முடியட்டும்... இல்ல, அடுத்த வருசமும் இப்படியே இருங்க. அதுதான் நல்லது."

டீச்சர் கும்பிட்டுவிட்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த டாக்டரின் மனைவி சீனித்தாய்க்கு மனசு கேட்கவில்லை. "பாவம், தங்கமான டீச்சர். அப்படி என்னதான் சீக்கு அவங்களுக்கு?"

"சீக்கா? அது வெண்கலத் தொண்டை ஏளா, நூறு வருசம் தாங்கும்." டாக்டர் ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு பாயை விரித்துப் படுத்தார்.

"ராத்திரி டூட்டி பாத்துட்டு வாரவன் பகல்ல தூங்க வேண்டாமா?"