சனிக்கிழமைதான் சொல்வேன்

'வாசிப்புச் சோதனை முடிவு சனிக்கிழமை. அப்பாமார்களும் கட்டாயம் வரவும்.'

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் குமுதவல்லி டீச்சர் போட்ட இந்தச் செய்தியைப் பார்த்ததிலிருந்து லோரி ஓட்டும் சத்தியசீலனுக்குச் சோறு இறங்கவில்லை.

'மக பாஸா டீச்சர்? அதை மட்டும் சொல்லுங்களேன்' என்று குழுவிலேயே கெஞ்சினார்.

'எல்லாருக்கும் சனிக்கிழமைதான்' என்று முகத்திலடித்தாற்போல் பதில் வந்தது.

போன வருஷம் எழுத்துக் கூட்டவே தடுமாறிய பிள்ளை. தினமும் லோரியை நிறுத்திய கையோடு, பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கப் பழக்கியவர் அவர்தான். சோதனையே தனக்கு நடந்ததுபோல் இருந்தது.

சனிக்கிழமை போர்டிக்சனுக்கு ஏற்றவேண்டிய லோடை வேண்டாமென்று விட்டுவிட்டு, லுக்குட் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கு ஓடினார். வரிசையில் அவர் முறை வந்தது.

“தடங்கல் இல்லாம வாசிக்கிறா. பாஸ்,” என்றார் டீச்சர்.

சத்தியசீலனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“பொண்டாட்டிலா நீ எனக்கு! ஒரு வாரமா சோறு போட்டுக்கிட்டு, வாயே திறக்கலியே!”

“வீட்டுலதான் பொண்டாட்டி. இங்க டீச்சர்,” என்றார் குமுதவல்லி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “கையெழுத்துப் போட்டுட்டு எந்திரிங்க. வெளியில மத்த அப்பாமாருங்களும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்காங்க.”